போகிற காசு தெரியும், வருகிற காசு தெரியாது: கார்பன் விலையும் வலதுசாரிகளும்

கார்பனுக்கு விலை வைப்பது, அதாவது வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடுக்குக் கட்டணம் வாங்குவது, இடதுசாரிகளின் திட்டம் என்றுதான் இன்று பலரும் நினைக்கிறார்கள். பழைய கதை அப்படி இல்லை. மாசுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அதற்குள் யார் எப்படிக் குறைப்பது என்பதைச் சந்தையிடம் விட்டுவிடும் முறையை அமெரிக்காவில் நாடு தழுவிய சட்டமாக்கியவர் குடியரசுக் கட்சி அதிபர் மூத்த ஜார்ஜ் புஷ். வட அமெரிக்காவில் ஆலைகளின் கார்பனுக்கு முதலில் விலை வைத்தது கனடாவில் எண்ணெய் வளம் கொழிக்கும் ஆல்பர்ட்டா மாகாணம். 2007இல் அங்கே ஆட்சியில் இருந்தது முற்போக்குப் பழமைவாதக் கட்சி. அடுத்த ஆண்டு பக்கத்து மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெட்ரோல் பங்க் வரைக்கும் கார்பன் வரியைக் கொண்டுவந்ததும் ஒரு வலதுமையக் கட்சிதான். 'வரியை ஒழிப்போம்' என்று அதை எதிர்த்துத் தேர்தலில் நின்றது இடதுசாரிக் கட்சி.

அதே பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2025 ஏப்ரல் 1ஆம் தேதி அந்த வரி நீக்கப்பட்டது. கனடா மத்திய அரசின் நுகர்வோர் கார்பன் கட்டணமும் அன்றே நின்றது. அமெரிக்கக் காங்கிரஸிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு விலை வைக்கும் மசோதா ஒன்றுகூட இதுவரை சட்டமாகவில்லை. பொருளியல் நிபுணர்கள் கைவிட்டதால் இப்படி ஆகவில்லை. 2019 ஜனவரியில் கார்பன் வரியை ஆதரித்து 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழில் வந்த கூட்டறிக்கையில் நோபல் பரிசு பெற்ற 27 பேரும் அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர்கள் நால்வரும் கையெழுத்திட்டிருந்தார்கள். பின்னர் கையெழுத்திட்டோர் எண்ணிக்கை 3,500ஐத் தாண்டியது.

கோளாறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, மக்கள் கொடுக்கிற காசு கண்ணில் படுகிறது, திரும்பி வருகிற காசு படுவதில்லை. மற்றொன்று, ஆதரித்து வாக்களிக்கிற வலதுசாரி உறுப்பினர் அதற்கான விலையைத் தன் உட்கட்சித் தேர்தலிலேயே கட்டிவிட நேர்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் வரியின் அளவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பதால்தான் முப்பது ஆண்டுகளாகத் தேர் நிலைக்கு வரவில்லை.

அமில மழை கற்றுத்தந்தது

அனல் மின்நிலையங்கள் கக்கும் கந்தக டை ஆக்சைடால் அமெரிக்காவின் வடகிழக்கு ஏரிகளும் காடுகளும் கெட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1990ஆம் ஆண்டு தூய காற்றுச் சட்டத் திருத்தம் வந்தது. செனட்டில் இறுதி வாக்கு 89க்கு 10, பிரதிநிதிகள் சபையில் 401க்கு 25. நவம்பர் 15 அன்று புஷ் கையெழுத்திட்டார். 1980ஆம் ஆண்டு அளவிலிருந்து ஆண்டுக்கு ஒரு கோடி டன் குறைப்பது இலக்கு.

எந்தக் கருவியைப் பொருத்த வேண்டும் என்று சட்டம் ஆணையிடவில்லை. ஒரு டன் கந்தக டை ஆக்சைடுக்கு ஓர் உரிமச்சீட்டு. ஆண்டு முடிவில், கக்கிய டன்களுக்கு ஈடான சீட்டுகளை நிலையம் ஒப்படைக்க வேண்டும். மிஞ்சினால் விற்கலாம், சேமித்தும் வைக்கலாம். குறைந்தால் டன்னுக்கு 2,000 டாலர் அபராதம், அதோடு அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டிலிருந்து அத்தனை சீட்டும் கழிக்கப்படும். புகைபோக்கியில் தொடர்ந்து அளக்கும் மானி கட்டாயம். அபராதம் சீட்டின் சந்தை விலையைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்ததாலும், அளவை மறைக்க வழியில்லாததாலும் ஏமாற்றுவதில் யாருக்கும் லாபம் இருக்கவில்லை.

செலவு முன்கணிப்புகளைவிட வெகுவாகக் குறைந்தது. காரணத்தைக் கவனிக்க வேண்டும். வயோமிங்கின் பௌடர் நதிப் படுகையில் கந்தகம் குறைந்த நிலக்கரி கொட்டிக் கிடந்தது. 1980இல் ரயில்வே கட்டுப்பாடுகள் தளர்ந்ததால் சரக்குக் கட்டணம் இறங்கி, அந்தக் கரி மத்திய மேற்கு மாநிலங்கள் வரை கட்டுப்படியாகும் விலையில் போய்ச் சேர்ந்தது. எல்லா நிலையங்களும் வாயு கழுவும் கருவியைப் பொருத்தியே தீர வேண்டும் என்று அரசு சொல்லியிருந்தால் இந்த மலிவான வழி யாருக்கும் கைகொடுத்திருக்காது. விலையை மட்டும் வை, வழியை அவர்களே கண்டுபிடிப்பார்கள் என்ற வலதுசாரி வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆனால் இதில் ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்தத் திட்டத்தில் முதற்கட்டமாக வந்தவை 110 மின்நிலையங்கள். சாதாரணக் குடும்பம் எதையும் பார்க்கவில்லை. கந்தகத்தைக் கரியிலிருந்தும் புகையிலிருந்தும் பிரிக்கலாம். கார்பன் அப்படியல்ல. எரிப்பதே அதைத்தான். அதற்கு விலை வைத்தால் ஒவ்வொரு வண்டியின் டேங்கிலும் ஒவ்வொரு வீட்டு ஹீட்டரிலும் அந்த விலை போய் நிற்கும்.

ஒரு டன்னுக்கு 40 டாலர் என்றால் என்ன?

2017 பிப்ரவரியில் வாஷிங்டனில் ஒரு சிறிய அறிக்கை வெளியானது. எழுதியவர்களின் பட்டியலில் ரீகன் காலத்து நிதியமைச்சரும் புஷ் காலத்து வெளியுறவு அமைச்சருமான ஜேம்ஸ் பேக்கர், ரீகனின் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ், இளைய புஷ்ஷின் நிதியமைச்சர் ஹென்றி பால்சன், குடியரசுக் கட்சி அதிபர்களின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைவர்களாக இருந்த மார்ட்டின் ஃபெல்ட்ஸ்டைன், கிரிகரி மேன்கியூ ஆகியோர் இருந்தார்கள். டெட் ஹால்ஸ்டெட் தொடங்கிய பருவநிலைத் தலைமைக் குழு அதை வெளியிட்டது. நான்கு கால்களில் நின்ற திட்டம் அது: டன்னுக்கு 40 டாலரில் தொடங்கி ஏறும் கட்டணம், வசூலாகும் பணம் முழுவதையும் எல்லாக் குடிமக்களுக்கும் சமமாகப் பிரித்துத் தரும் ஈவுத்தொகை, இறக்குமதிக்கு எல்லைக் கட்டணம், பதிலுக்குக் கார்பன் மீதான அரசுக் கட்டுப்பாடுகளை நீக்குதல்.

வசூலிப்பது எளிது. கோடிக்கணக்கான வாகனங்களைத் துரத்த வேண்டியதில்லை. நிலக்கரிச் சுரங்க வாயில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எரிவாயு பதப்படுத்தும் நிலையம், இறக்குமதித் துறைமுகம் என்று சில ஆயிரம் இடங்களில் வாங்கிவிட்டால் நாட்டின் பெரும்பகுதி உமிழ்வு வலைக்குள் வந்துவிடும். அங்கிருந்து விலை தானாகவே கீழே இறங்கும்.

இறங்கும்போது எங்கே எவ்வளவு விழுகிறது என்று பார்த்தால்தான் அரசியல் புரியும். ஒரு கேலன் பெட்ரோல் எரிந்தால் சுமார் 8.9 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 40 டாலர் விலையில் அது 36 சென்ட், அதாவது லிட்டருக்கு ஒன்பதரை சென்ட் அளவு. எரிவாயுவில் பத்து லட்சம் பிடியூவுக்கு (பிடியூ என்பது வெப்பத்தை அளக்கும் அலகு) 53 கிலோ, ஆகவே 2 டாலர் 12 சென்ட். அன்றைய மொத்த விலை மூன்று டாலர் அளவில் இருந்தது. பௌடர் நதிப் படுகை நிலக்கரி ஒரு டன் எரிந்தால் ஏறக்குறைய 1.7 டன் வாயு வெளியேறும். கட்டணம் 68 டாலர். சுரங்க வாயிலில் அந்தக் கரியின் விலையோ 12 டாலர் அளவுதான்! பெட்ரோலுக்கு இது ஒரு சிராய்ப்பு, அந்தக் கரிக்கு மரண அடி. வயோமிங், மேற்கு வர்ஜீனியா உறுப்பினர்கள் எந்த வடிவத்திலும் இதற்கு வாக்களிக்க மாட்டார்கள் என்பது இந்த எண்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இனி ஈவுத்தொகை. அப்போது அமெரிக்காவின் எரிசக்தி சார்ந்த உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 500 கோடி டன். 40ஆல் பெருக்கினால் 20,000 கோடி டாலர். அதை 32 கோடிச் சொச்சம் மக்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 600 டாலருக்குக் கொஞ்சம் மேல். எல்லா உமிழ்வும் வலைக்குள் வராது, விலை ஏறியதும் உமிழ்வும் குறையும் என்று கழித்துக்கொண்டால் அறிக்கை சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்போம்: நால்வர் குடும்பத்துக்கு முதலாண்டில் 2,000 டாலர்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு பிழை உண்டு. சராசரிக் குடும்பத்துக்கு லாபம் என்று சொல்லிவிடுகிறார்கள். கணக்குப்படி சராசரிக்கு ஏறத்தாழ சரிக்குச் சரிதான், ஏனென்றால் வந்த பணம்தான் திரும்புகிறது. லாபம் அடைவது நடுவில் இருக்கும் குடும்பமும் அதற்குக் கீழே இருப்பவர்களும். பெரிய வீடு, இரண்டு மூன்று கார், அடிக்கடி விமானப் பயணம் என்று வாழ்பவர்கள் சராசரியை மேலே இழுத்துவிடுவதால், பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் சராசரிக்குக் கீழே நிற்கின்றன. வேலைக்கு நாள்தோறும் நெடுந்தூரம் பிக்கப் ஓட்டும் கிராமத்துக் குடும்பம் அந்தப் பாதியில் இல்லாமல் போகலாம். அந்தக் குடும்பம்தான் குடியரசுக் கட்சியின் வாக்குவங்கி. தலைக்கு ஒரே தொகை என்ற நேர்மையான பங்கீட்டுக்குள் இருக்கும் இந்த முள்ளைத் திட்டத்தின் ஆதரவாளர்கள் வெளிப்படையாகப் பேசியிருக்க வேண்டும்.

நான்காவது கால்தான் வலதுசாரிகளுக்கு வைத்த தூண்டில். மின்நிலைய உமிழ்வைக் கட்டுப்படுத்த ஒபாமா கொண்டுவந்த தூய மின்திட்டம் போன்ற விதிகளைக் கைவிடுங்கள், பதிலுக்கு விலையை ஏற்றுக்கொள்கிறோம் என்ற பேரம் அது. தொடக்க வடிவில், பழைய உமிழ்வுக்காக எண்ணெய் நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுப்பதிலிருந்து பாதுகாப்பும் இருந்தது. இடதுசாரிகளுக்கு அது தொண்டையில் சிக்கியது. வலதுசாரிகள் பக்கமோ பேரத்துக்கே தேவை இல்லாமல் போயிற்று. அறிக்கை வந்த அடுத்த மாதமே டிரம்ப் அந்த விதிகளைத் திரும்பப் பெற ஆணையிட்டார். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் மேற்கு வர்ஜீனியா வழக்கில் சுற்றுச்சூழல் முகமையின் அதிகாரத்தையே சுருக்கியது. இலவசமாகக் கிடைக்கிற சரக்குக்கு யார் காசு கொடுப்பார்கள்? பேரத்தில் கொடுக்க வேண்டிய பொருள் கையைவிட்டுப் போனதுதான் இந்தத் திட்டம் சரிந்ததற்கு முதற்காரணம் என்பது என் கணிப்பு.

இன்னொரு தடை, வாஷிங்டனுக்கு வெளியே அதிகம் பேசப்படாதது. வரி எதிர்ப்பாளர் குரோவர் நார்க்விஸ்டின் அமைப்பு நடத்தும் 'வரி உயர்த்த மாட்டேன்' உறுதிமொழியில் குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒரு வரியை ஏற்றி வேறொரு வரி விகிதத்தை அதே அளவுக்குக் குறைத்தால் தப்பலாம். எல்லோருக்கும் காசோலை அனுப்பினாலோ, அது வரிக்குறைப்பா, அரசுச் செலவா என்ற சண்டை வந்துவிடுகிறது. மக்களுக்கு எளிதில் புரிகிற வடிவம் கட்சிக்குள் செல்லுபடியாவதில்லை. கட்சிக்குள் செல்லுபடியாகும் வடிவமோ மக்களுக்குத் தெரிவதில்லை.

வாக்களித்தவர்கள் கட்டிய விலை

தெற்கு கரோலினாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பாப் இங்லிஸ் அசல் வலதுசாரி. 2009இல் அவர் கொண்டுவந்த மசோதா கார்பனுக்கு வரி விதித்து, அந்த அளவுக்குச் சம்பளத்தின் மீதான வரியைக் குறைக்கச் சொன்னது. அரசுக்கு ஒரு சென்ட் கூடுதல் வருமானம் கிடையாது. 2010 ஜூன் உட்கட்சி மறுசுற்றில் ட்ரே கௌடியிடம் ஏறக்குறைய 71க்கு 29 என்ற விகிதத்தில் தோற்றார். பதவியில் இருக்கும் ஒருவர் சொந்தக் கட்சிக்குள் இவ்வளவு மோசமாகத் தோற்பது அரிது. அதைப் பார்த்து மற்றவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள்.

அதற்கு முன் நிலைமை வேறு. 2003இல் ஜான் மெக்கெய்னும் ஜோ லீபர்மனும் கொண்டுவந்த உமிழ்வு உச்சவரம்பு மசோதாவுக்கு செனட்டில் 43 வாக்குகள் கிடைத்தன. 2008 அதிபர் தேர்தலில் இரு கட்சி வேட்பாளர்களுமே உச்சவரம்பு வர்த்தகத்தை ஆதரித்தார்கள். 2009 ஜூனில் அதற்கான வாக்ஸ்மன் மார்க்கி மசோதா பிரதிநிதிகள் சபையில் 219க்கு 212 என்று தேறியபோது குடியரசுக் கட்சியினர் எட்டுப் பேர் ஆதரித்தார்கள். செனட்டில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை.

ஃபுளோரிடாவின் தென்கோடித் தொகுதியில் கார்லோஸ் குர்பெலோ 2016இல் ஜனநாயகக் கட்சியின் டெட் டாய்ச்சோடு சேர்ந்து பருவநிலைத் தீர்வுக் குழுவைத் தொடங்கினார். ஜோடி ஜோடியாகத்தான் சேரலாம், ஒரு கட்சியிலிருந்து ஒருவர் வந்தால் மறு கட்சியிலிருந்தும் ஒருவர் வர வேண்டும் என்பது விதி. 2018 ஜூலையில் அவர் கொண்டுவந்த மசோதா டன்னுக்கு 24 டாலர் விதித்து, கேலனுக்கு 18.4 சென்டாக இருந்த மத்திய பெட்ரோல் வரியை முற்றிலும் எடுத்துவிடச் சொன்னது. 24 டாலர் என்பது கேலனுக்கு 21 சென்ட் அளவு. பங்கில் நிற்பவருக்குக் கூடுதல் சுமை மூன்று சென்ட்கூட இல்லை! வடிவமைப்பில் இதைவிடச் சாமர்த்தியமான அமெரிக்க மசோதாவை நான் பார்த்ததில்லை. ஆனால் அதற்குச் சில நாள் முன்புதான், கார்பன் வரி நாட்டுக்குக் கேடு என்ற குடியரசுக் கட்சியின் ஸ்டீவ் ஸ்கலீஸின் தீர்மானம் 229க்கு 180 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியில் ஆறு பேர் மட்டும் எதிர்த்தார்கள். நவம்பரில் குர்பெலோ ஜனநாயகக் கட்சி வேட்பாளரிடம் தோற்றார். துணிந்து வந்த ஆளுக்குச் சொந்தக் கட்சி துணை நிற்கவில்லை, எதிர்க்கட்சியும் விட்டுவைக்கவில்லை.

கலிஃபோர்னியாவில் 2017 ஜூலையில் உச்சவரம்பு வர்த்தகத்தை 2030 வரை நீட்டிக்கக் குடியரசுக் கட்சியின் கீழவைத் தலைவர் சாட் மேயஸ் உள்ளிட்ட எட்டுப் பேர் வாக்களித்தார்கள். அடுத்த மாதமே மேயஸ் தலைவர் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் 2009 டிசம்பர் 1 அன்று, ஆளும் தொழிலாளர் கட்சியின் உமிழ்வு வர்த்தகத்துக்கு ஆதரவு தருவேன் என்ற எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் டர்ன்புல்லை அவரது வலதுசாரி லிபரல் கட்சி 42க்கு 41 என்று ஒரே வாக்கில் இறக்கிவிட்டு டோனி அபாட்டைத் தலைவராக்கியது. அபாட் 2013 தேர்தலில் வென்று, 2014 ஜூலையில் அங்கிருந்த கார்பன் விலையை ரத்து செய்தார்.

பிரிட்டிஷ் கொலம்பியா சரியாகச் செய்தது, ஒட்டாவா தவறவிட்டது

2008 ஜூலை 1. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 140 டாலரைத் தாண்டி உச்சத்தைத் தொட்ட அதே மாதம். அந்த நேரத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் முதல்வர் கோர்டன் கேம்பெல் அரசின் கார்பன் வரி டன்னுக்கு 10 கனடிய டாலரில் நடைமுறைக்கு வந்தது. பெட்ரோலுக்கு லிட்டருக்கு இரண்டரை சென்ட்கூட ஏறவில்லை, ஆனாலும் எண்ணெய் விலையேற்றம் முழுவதற்கும் பழி அதன் தலையில் விழுந்தது. அதையும் மீறி 2009 மே தேர்தலில் கேம்பெல் வென்றார்.

எப்படித் தாங்கியது? முதலாவது, வரும் ஒவ்வொரு டாலரையும் வரிக்குறைப்பாகத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டத்திலேயே இருந்தது. தவறினால் நிதியமைச்சரின் சம்பளத்தில் 15 சதவீதம் வெட்டு. இரண்டாவது, வருமான வரியின் முதல் இரு அடுக்குகளிலும் நிறுவன வரியிலும் குறைப்பு வந்தது, ஏழைக் குடும்பங்களுக்குத் தனி வரவு. மூன்றாவது, வரி தொடங்குவதற்கு முன்பே, ஜூன் மாதத்தில், ஆளுக்கு 100 டாலர் காசோலை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நான்காவது, ஆண்டுக்கு 5 டாலர் வீதம் 2012இல் 30 டாலர் வரை ஏறும் என்ற அட்டவணை முன்கூட்டியே தெரியும். புதிய கொதிகலன் வாங்குகிறவர் ஐந்தாண்டுக் கணக்குப் போட்டுப் பார்க்க முடிந்தது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இந்த வரி உமிழ்வை 5 முதல் 15 சதவீதம் வரை குறைத்ததாகவும், மாகாணப் பொருளாதாரத்துக்குப் பெரிய அடி விழவில்லை என்றும் மதிப்பிட்டார்கள்.

அடி வாங்கியது சிமெண்ட். எல்லையில் கட்டணம் இல்லாததால் வரி கட்டாத இறக்குமதிச் சிமெண்ட் உள்ளே வந்து உள்ளூர் ஆலைகளின் சந்தையைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் அந்த ஆலைகளுக்கு அரசே உதவித்தொகை தர நேர்ந்தது. எல்லைக் கட்டணம் ஓர் அலங்காரம் அல்ல, திட்டத்தின் சுமைதாங்கும் தூண் என்பது அங்கே தெரிந்தது.

ஒட்டாவாவில் இருக்கும் கனடா மத்திய அரசு 2019இல் தன் கட்டணத்தைத் தொடங்கியபோது பொருளியல் பாடத்தைச் சரியாகப் படித்திருந்தது. வசூலில் 90 சதவீதம் குடும்பங்களுக்கே திரும்பியது. திருப்பித் தந்த விதம்தான் கெடுத்தது. முதலில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதில் ஒரு பதிவாக ஒளிந்திருந்தது. 2022 ஜூலை முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேராக வங்கிக் கணக்கில் விழுந்தது, ஆனால் வங்கிக்கு வங்கி வெவ்வேறு பெயரில், சிலவற்றில் எதற்கான பணம் என்றே விளங்காத பெயரில். 'கனடா கார்பன் தள்ளுபடி' என்று பெயர் மாற்றியது 2024இல்தான். அந்தப் பெயரையே வங்கி அறிக்கையில் காட்ட வேண்டும் என்ற சட்டமும் அந்த ஆண்டுதான் வந்தது. அதற்குள் ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஒன்டாரியோவில் ஒரு நால்வர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 2024இல் விலை டன்னுக்கு 80 டாலர், பெட்ரோலில் லிட்டருக்கு 17.6 சென்ட். 50 லிட்டர் நிரப்பினால் 8 டாலர் 80 சென்ட். வாரம்தோறும் பங்கின் மின்பலகையில் பெரிய எழுத்தில் அது எரிகிறது. எரிவாயு பில்லில் 'கார்பன் கட்டணம்' என்று தனிப் பதிவாக அச்சாகிறது. ஆண்டுக்குத் திரும்பி வந்தது 1,120 டாலர், காலாண்டுக்கு 280. அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சத்தமில்லாமல், சம்பள வரவுக்கும் கடன் தவணைக்கும் நடுவே ஒரு பதிவாக வந்து போகிறது. ஐம்பத்திரண்டு முறை வலி, நான்கு முறை மருந்து, அந்த மருந்துக்கும் பெயர் இல்லை.

2023 அக்டோபரில் அட்லாண்டிக் மாகாணங்களில் அதிகம் பயன்படும் வீட்டுச் சூடேற்று எண்ணெய்க்கு மட்டும் மூன்று ஆண்டு விலக்கு தந்தார் பிரதமர் ட்ரூடோ. எரிவாயுவில் வீட்டைச் சூடாக்கும் பிரெய்ரி மாகாணத்தவர்கள் 'எங்களுக்கு ஏன் இல்லை?' என்று கேட்டார்கள். அதற்கு நேர்மையான பதில் இருக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே விலை என்பதுதான் இந்த முறையின் உயிர். அந்த உயிர் அன்றே போய்விட்டது. கட்டணத்தால் குடும்பங்களுக்கு ஆகும் செலவு பற்றிய நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகத்தின் மதிப்பீட்டில், ஆலைகள் மீதான தனிக் கட்டணத்தின் விளைவும் தவறுதலாகச் சேர்ந்துவிட்டதை அது 2024இல் ஒப்புக்கொண்டது. அதற்குள் அந்த எண்கள் எதிர்ப்பு மேடைகளில் பலமுறை ஒலித்துவிட்டன.

இதற்கிடையே வலதுசாரிப் பக்கத்தில் ஒரு வாய்ப்பு வந்து கைநழுவியது. 2021 ஏப்ரலில் பழமைவாதக் கட்சித் தலைவர் எரின் ஓ'டூல் தானே ஒரு கார்பன் விலைத் திட்டத்தை முன்வைத்தார். பணம் ஒவ்வொருவரின் சேமிப்புக் கணக்கில் சேரும், பசுமைப் பொருள்களுக்கு மட்டும் செலவழிக்கலாம் என்பது அதன் அமைப்பு. கட்சிக்காரர்கள் அதைத் துரோகமாகப் பார்த்தார்கள், பொதுமக்களுக்கு அது புரியவில்லை. அந்த ஆண்டு தேர்தலில் தோற்று, 2022 பிப்ரவரியில் பதவி இழந்தார். பின்னால் வந்த பியர் பொலியேவ் 'வரியை ஒழிப்போம்' என்று முழங்கினார். 2025 மார்ச்சில் பிரதமரான லிபரல் கட்சியின் மார்க் கார்னி, பொறுப்பேற்ற அன்றே நுகர்வோர் கட்டணத்தைப் பூஜ்யமாக்க ஆணையிட்டு எதிரியின் ஆயுதத்தைப் பறித்துக்கொண்டார். பெரிய ஆலைகள் மீதான கார்பன் விலை மட்டும் இன்னும் இருக்கிறது. மக்கள் கண்ணில் படாதது பிழைத்தது.

பிரிட்டனிலும் அதே பாடம். 2013இல் பழமைவாதக் கட்சி தலைமையிலான கூட்டணி அரசு மின்நிலையங்களுக்குக் கார்பன் அடித்தள விலை வைத்தது. 2012இல் மின்சாரத்தில் 40 சதவீதமாக இருந்த நிலக்கரியின் பங்கு சில ஆண்டுகளில் சரிந்தது. கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. அந்த வரியின் பெயர்கூடப் பெரும்பாலான வாக்காளர்களுக்குத் தெரியாது. ஆனாலும் இரு கட்சி ஒற்றுமை அங்கேயும் தேய்கிறது. 2008இல் ஏறத்தாழ முழு அவையும் ஆதரித்த பருவநிலை மாற்றச் சட்டத்தை ஆட்சிக்கு வந்தால் ரத்து செய்வோம் என்று பழமைவாதக் கட்சித் தலைவர் கெமி பேடனாக் 2025 அக்டோபரில் அறிவித்தார்.

வாஷிங்டன் மாநிலத்தின் அனுபவம் இடதுசாரிகளுக்கான பாடம். 2016இல் அங்கே மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த ஐ-732, பிரிட்டிஷ் கொலம்பியாவைப் பார்த்து வரைந்தது: கார்பன் வரியை விதி, விற்பனை வரியில் ஒரு புள்ளியைக் குறை, ஏழை உழைப்பாளிகளுக்குத் தள்ளுபடி கொடு. பசுமைத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கவில்லை என்று பல சுற்றுச்சூழல், தொழிலாளர் அமைப்புகள் அதை ஆதரிக்க மறுத்தன. தோற்றது. 2018இல் அவர்கள் கேட்டபடியே, வரும் பணத்தைத் திட்டங்களுக்குச் செலவழிக்கும் ஐ-1631 வந்தது. எண்ணெய் நிறுவனங்கள் மூன்று கோடி டாலருக்கு மேல் இறைத்து அதைத் தோற்கடித்தன. 2016இல் வலதுசாரிகளை நோக்கி நீண்ட கையை இடதுசாரிகளே தட்டிவிட்டது இன்றும் வருத்தம் தருகிறது. பின்னர் சட்டமன்றம் உச்சவரம்பு முறையைக் கொண்டுவந்தது. 2024 நவம்பரில் அதை ரத்து செய்யக் கோரிய வாக்கெடுப்பில் மக்கள் 60 சதவீதத்துக்கு மேல் 'வேண்டாம்' என்று சொல்லி அதைக் காப்பாற்றினார்கள்.

இரு கட்சியும் சேர்கிற இடங்கள்

காங்கிரஸில் பருவநிலை விஷயத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்பது தவறு. குளிர்சாதனப் பெட்டிகளிலும் ஏசிகளிலும் இருக்கும் எச்எஃப்சி வாயுக்களைப் பதினைந்து ஆண்டுகளில் 85 சதவீதம் குறைக்கும் சட்டம் 2020 டிசம்பரில் டிரம்ப் கையெழுத்தோடு வந்தது. அதற்கான கிகாலி உடன்படிக்கையை 2022 செப்டம்பரில் செனட் 69க்கு 27 என்று ஏற்றது. அணு உலை அனுமதிகளை விரைவுபடுத்தும் சட்டம் 2024இல் செனட்டில் 88க்கு 2. இவற்றுக்கு ஒரு பொது அடையாளம் உண்டு. மாற்று வாயுவைத் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனங்கள் அதில் லாபம் பார்த்தன, அணுமின் துறையும் அப்படியே. வாக்காளரின் பில்லில் புதிய வரி எதுவும் அச்சாகவில்லை. பசுமை எரிசக்திக்கு மானியம் தந்த 2022இன் பணவீக்கக் குறைப்புச் சட்டத்துக்கோ குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்கும் கிடைக்கவில்லை. அதன் மானியங்களில் பெரும்பகுதி 2025 ஜூலையில் வெட்டப்பட்டது. ஒரே கட்சி கட்டியதை மறு கட்சி வந்து இடிக்கும் என்பதால்தான் வலதுசாரி ஆதரவைத் தேடுவது வீண்வேலை அல்ல என்கிறேன்.

இப்போது குடியரசுக் கட்சிக்குள் உயிரோடு இருப்பது நான்கு கால்களில் ஒன்று மட்டும்: எல்லைக் கட்டணம். லூசியானாவின் பில் கேசிடியும் தெற்கு கரோலினாவின் லிண்ட்சே கிரஹாமும் 2023இல் கொண்டுவந்து, 2025இல் மீண்டும் தாக்கல் செய்த அயல்நாட்டு மாசுக் கட்டண மசோதா, உள்நாட்டில் எதற்கும் விலை வைக்காது. அமெரிக்க உற்பத்தியைவிட அதிக மாசுடன் செய்த இரும்பு, அலுமினியம், சிமெண்ட் போன்றவை இறக்குமதியானால் மட்டும் கட்டணம். சீனாவைக் குறிவைப்பதால் கட்சிக்குள் அது எடுபடுகிறது. வரி என்ற சொல் வெளிநாட்டான் மீது விழுகிறது.

இதில் கணக்குச் சிக்கல் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் முறை 2023 அக்டோபரில் அறிக்கை தாக்கல் கட்டமாகத் தொடங்கி, 2026 ஜனவரி 1 முதலான இறக்குமதிக்குக் கட்டணப் பொறுப்பு உண்டாகும் கட்டத்துக்கு வந்துவிட்டது. இரும்பு எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை அதில் அடங்கும். தயாரித்த நாட்டிலேயே கார்பன் விலை கட்டியிருந்தால் அந்தத் தொகை கழிக்கப்படும். கட்டாத நாட்டின் சரக்குக்குக் கழிவு இல்லை. இந்திய எஃகு ஏற்றுமதியாளர்களை இன்று உறுத்துவதும், இந்தியா தன் கார்பன் வரவு வர்த்தகத் திட்டத்தை விரைவுபடுத்துவதற்கு ஒரு காரணமும் இதுதான். அமெரிக்காவின் சரக்கும் அதே தராசில்தான் ஏறுகிறது. உள்நாட்டு விலை இல்லாத எல்லைக் கட்டணத்தை வைத்துக்கொண்டு பிரஸ்ஸல்ஸில் கழிவு கேட்க முடியாது. பேக்கரும் ஷுல்ட்ஸும் சொன்ன 40 டாலர் நடைமுறையில் இருந்திருந்தால், ஒஹையோவில் உருக்கி ஐரோப்பாவுக்கு அனுப்பும் எஃகின் ஒவ்வொரு டன் கார்பனுக்கும் அந்த 40 டாலர் அமெரிக்கக் குடும்பங்களுக்கே ஈவுத்தொகையாகத் திரும்பியிருக்கும். இல்லாததால், அது ஐரோப்பாவில் கட்டப்பட்டு ஐரோப்பாவின் கருவூலத்துக்குப் போய்ச் சேரும்.